எலியா, மீனா, ஈயா, புழுவா? நோய் ஆராய்ச்சிக்கு எந்த உயிரோட ஜீனை மாத்துறது

எம்எஸ்சி முடிச்சிட்டு பிஎச்டி தேடுற பசங்களும் சரி, சேர்ந்து மூணு மாசத்துல "உன் மாடல் என்ன"ன்னு டாக்டரல் கமிட்டி கேட்டதும் முழிக்கிற பசங்களும் சரி, சுத்திச் சுத்தி கேக்குறது ஒண்ணுதான். நோயோட ஜீன் இதுன்னு தெரிஞ்சாச்சு, இப்ப அதை எந்த உயிர்ல மாத்திப் பாக்கிறது, எலியா, ஜீப்ரா மீனா, பழ ஈயா, புழுவா, இல்ல பேஷன்ட்டோட செல்லையே டிஷ்ல வளத்து வேலையை முடிச்சிரலாமா? வழக்கமா சீனியர் சொல்ற பதில், "எலியை எடு, ரிவ்யூவர் வாயைத் தொறக்க மாட்டான்". அதுல பாதி உண்மை. மீதிப் பாதி மூணு வருஷத்தைச் சாப்பிட்டுட்டுப் போயிரும்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிர்றேன். மனுஷனுக்கு எது ரொம்பக் கிட்டன்னு பாத்து எடுக்கிறவங்கதான் அதிகமா மாட்டிக்கிறாங்க. நம்ம கேள்வியில இருக்குற கோளாறு எந்த உடம்புல நெஜமாவே வருதோ அதை எடுக்கணும், அது ஒரு மில்லிமீட்டர் புழுவா இருந்தாலும் பரவால்ல.

## எதை வச்சு எடை போடுறது

முதல் கேள்வி, அந்தக் கோளாறு அந்த உடம்புல வருமா. நுரையீரலே இல்லாத பிராணியில ஆஸ்துமா பாக்க முடியாதுன்னு யாருக்கும் சொல்லித் தரவேண்டாம், ஆனா நுரையீரல் இருந்தும் நோய் வராம போற கேஸ் இருக்கு பாருங்க, அதுதான் ஆளைக் கவுக்கும். ரெண்டாவது நேரம்: ஜீன்ல கை வச்ச நாள்லேர்ந்து தைரியமா ஒரு கிராஃப் போடுற நாள் வரைக்கும் எத்தனை மாசம். மூணாவது எண்ணிக்கை, ஏன்னா ஆயிரம் மருந்தை அலசணும்னா ஒரு ஈத்துக்கு எட்டுக் குட்டி போடுறதை வச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காது. நாலாவது, உயிரோட இருக்கும்போதே உள்ள நடக்கிறது கண்ணுக்குத் தெரியுமா, இல்ல கொன்னு வெட்டித்தான் பாக்கணுமா.

அஞ்சாவதுதான் யாரும் கணக்குல எடுக்காதது, பில்லுல வராத செலவு. ஜீன் மாத்தின எதைத் தொட்டாலும் இன்ஸ்டிட்யூட் பயோசேஃப்டி கமிட்டி கையெழுத்து வேணும், எலின்னா கூடவே விலங்கு நெறிமுறைக் கமிட்டி, வெளிநாட்டுல இருந்து வரணும்னா இறக்குமதி அனுமதி, குவாரன்டைன். அப்புறம் அந்த ஸ்டாக்கை வருஷக்கணக்குல யாரு உயிரோட வச்சிருக்கிறது, பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போனா யாரு இருந்து பாத்துக்கிறது.

## புழு

சி. எலிகன்ஸ். சிட்னி பிரென்னர் கேம்பிரிட்ஜ்ல ஆரம்பிச்சு வச்சது, 1974ல அவரோட பெரிய பேப்பர் வந்துச்சு. மொத்த உடம்புக்கும் 959 செல், அதுல 302 நரம்பு செல், எது எதுக்குப் பொறந்துச்சுன்னு குடும்ப மரமே எழுதி வச்சிட்டாங்க. மூணு நாள்ல முட்டையில இருந்து பெரிய புழு, தனியாவே கரு உண்டாக்கி முன்னூறு குஞ்சு வரைக்கும் போடும். கிளிசரால் கலந்து ஃப்ரீஸர்ல போட்டா வருஷக்கணக்கா தூங்கும், வேணுங்கிறப்ப எழுப்பிக்கலாம். ஜீனை அணைக்கணும்னா அதுக்கேத்த ஆர்என்ஏ தயாரிக்கிற பாக்டீரியாவை தீனியா போட்டா போதும், அவ்ளோதான் வேலை. இந்த ஆர்என்ஏ சங்கதியைக் கண்டுபிடிச்சதே இந்தப் புழுவுலதான், 1998ல, ஃபயரும் மெல்லோவும், அதுக்கு 2006ல நோபல்.

இது என்ன புழு, மனுஷ நோய்க்கு எப்படி உதவும்னு கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். கேன்சர் செல் சாகாம தப்பிக்க உதவுற பிசிஎல்-2ன்னு ஒரு மனுஷ ஜீன் இருக்கு. அதை 1992ல புழுவுக்குள்ள போட்டப்போ புழுவோட செல்களும் சாகவேண்டிய நேரத்துல சாகாம நின்னுச்சு. செல் தன்னைத்தானே முடிச்சுக்கிற ஏற்பாடு புழுவுக்கும் நமக்கும் ஒண்ணுதான்னு அப்பதான் அழுத்தமா தெரிஞ்சுது. அதே பிசிஎல்-2வை அடைக்கிற வெனிட்டோகிளாக்ஸ் 2016ல ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு.

மறைமுகச் செலவுன்னு பாத்தா காசு கெடையாது. தோல் தடிமன், மருந்து லேசுல உள்ள போகாது, அதனால டோஸை ஏத்தி ஏத்திக் குடுக்கணும், அப்புறம் அந்த டோஸுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம். இதயம் கெடையாது, ரத்தம் கெடையாது, ஆன்டிபாடி கெடையாது. முதுமை, செல் சாவு, புரோட்டீன் கட்டிக்கிற நோய், இதுக்கெல்லாம் முதல் சலிப்புக்கு எடுக்கலாம்.

## பழ ஈ

ஈ லேப்புக்குள்ள நுழைஞ்சா முதல்ல மூக்குக்குத்தான் தெரியும், சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சின வாசம். ரேக்குல வரிசையா பஞ்சு அடைச்ச சின்னச் சின்ன குப்பி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டாக். குப்பியை மேஜையில ரெண்டு தட்டு தட்டினா ஈ எல்லாம் அடியில விழும், அந்த ஒரு நொடியில பஞ்சை எடுத்து, புதுக் குப்பியை மேல கவுத்து, திருப்பி ஒரு தட்டு. இதை ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா செஞ்சே ஆகணும், ஏன்னா புழு மாதிரி ஈயை ஃப்ரீஸர்ல போட்டு எழுப்புற வழி சாதாரண லேப்ல கெடையாது. முன்னூறு ஸ்டாக் வச்சிருக்குற லேப்ல சேர்றீங்கன்னா வாரத்துல ஒரு நாள் இதுக்கே போயிரும். பில்லுல வராத செலவுன்னா இதுதான். பொழுது போகாதவன் தட்டிட்டிருக்கான்னு பக்கத்து லேப்காரன் கிண்டலும் ஃப்ரீ.

ஆனா என்ன கெடைக்குதுன்னு பாருங்க. பார்க்கின்சன்ஸ் நோய் சில குடும்பங்கள்ல பரம்பரையா வருது, அதுல ரெண்டு ஜீன் பிங்க்-1, பார்க்கின். எலியில இதுல ஒண்ணை எடுத்துட்டா, பார்க்கின்சன்ஸ்ல சாகுற டோபமைன் நரம்பு செல்கள் பாட்டுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, எலி கிட்டத்தட்ட நார்மல். ஈயில எடுத்தா ரெக்கை ஒழுங்கா நிக்கல, பறக்கிற தசை அழுகுது, உள்ள மைட்டோகாண்ட்ரியா ஊதிப் போய்க் கெடக்கு. 2006ல மூணு குழு தனித்தனியா காட்டினது இது: பிங்க்-1 இல்லாத ஈக்கு பார்க்கினை அதிகமா குடுத்தா சரியாகுது, பார்க்கின் இல்லாத ஈக்கு பிங்க்-1 எவ்ளோ குடுத்தாலும் சரியாகல. அப்ப ரெண்டும் ஒரே பாதை, பிங்க்-1 முன்னாடி, பார்க்கின் பின்னாடி. கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை செல் எப்படிக் கழிச்சுக் கட்டுதுன்னு இன்னிக்கு நடக்குற ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படை இந்த ஈதான். மனுஷனுக்குக் கிட்ட இருக்குற எலி வாயே தொறக்காத இடத்துல ஈ பேசிருச்சு.

இன்னொரு இடத்துல ஈக்கு ஈடு இல்ல. உலகத்துலயே நாலஞ்சு குழந்தைகளுக்குத்தான் இருக்கும்னு சொல்ற அபூர்வ நோய், ஜீன் வரிசையில ஒரு எழுத்து மாறியிருக்கு, அதுதான் காரணமா இல்ல சும்மா இருக்குற மாற்றமான்னு தெரியணும். ஹூஸ்டன் பேலர் மெடிக்கல் காலேஜ்ல ஹ்யூகோ பெல்லன் குழு இதையே ஒரு லைனா பண்றாங்க: ஈயோட ஜீனை எடுத்துட்டு அந்த இடத்துல மனுஷ ஜீனை வைக்கிறது, ஒரு ஈக்கு நல்ல பிரதி, இன்னொண்ணுக்கு பேஷன்ட்டோட பிரதி. நல்லது காப்பாத்தி பேஷன்ட்டோடது காப்பாத்தலைன்னா விடை தெரிஞ்சு போச்சு. தலைமுறைக்குப் பத்து நாள்ங்கிறதால சில மாசத்துல முடியுற வேலை.

## ஜீப்ரா மீன்

நம்ம மீன்தான், கங்கை ஓடுற பக்கத்துல வயக்காட்டு ஓடையில, குட்டையில திரியிறது. அதைப் பிடிச்சு ஆராய்ச்சி மீனாக்கினது அமெரிக்காவுல ஆரிகன் யூனிவர்சிட்டி ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். 2013ல ஜீனோம் முழுசா வந்தப்போ மனுஷ ஜீன்கள்ல சுமார் 70 சதவீதத்துக்கு மீன்ல சொந்தக்கார ஜீன் இருக்குன்னு தெரிஞ்சுது.

சாயங்காலம் ஆணையும் பொண்ணையும் ஒரே தொட்டியில நடுவுல தடுப்பு வச்சு விட்டுட்டா, காலையில லைட் போட்டுத் தடுப்பை எடுத்ததும் முட்டை போட ஆரம்பிச்சிரும், ஒரு ஜோடிக்கு 200 கூட வரும், வலை வழியா கீழ விழுந்துரும், பெத்தவங்களே தின்னுறக் கூடாதுன்னு அந்த வலை. அதே காலையில ஒரு செல்லா இருக்கும்போதே, ஜீனைக் குறிபாத்து வெட்டுற க்ரிஸ்பரை ஊசியில ஏத்திரலாம். மறுநாள் இதயம் துடிக்கும். ரெண்டாவது நாள் மைக்ராஸ்கோப்ல வால்பக்கம் பாத்தா ரத்த செல் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடுறது தெரியும், ஒண்ணையும் வெட்டாம. நான் மீன் கட்சிக்குச் சாயுறதுக்கு இந்தக் காட்சிதான் காரணம்னு ஒத்துக்கிறேன், கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பாத்து எடுத்துக்கோங்க.

டிபி விஷயத்துல இது பெரிய உதவி. பரோடாவுல பொறந்து இப்ப கேம்பிரிட்ஜ்ல இருக்குற லலிதா ராமகிருஷ்ணன், டிபி கிருமியோட நெருங்கின சொந்தக்காரன் மைக்கோபாக்டீரியம் மரைனத்தை மீன் குஞ்சுக்குக் குடுத்து உள்ள என்ன நடக்குதுன்னு உயிரோடவே பாத்தாங்க. கிருமியைச் சுத்தி செல்கள் கூடிக் கட்டுற கிரானுலோமாவை அதுவரைக்கும் உடம்பு கட்டுற பாதுகாப்புச் சுவர்னு நெனச்சிருந்தாங்க. 2009ல அவங்க காட்டினது தலைகீழ்: ஆரம்ப கட்டத்துல புதுசு புதுசா வந்து சேர்ற மேக்ரோஃபேஜையே, அதாவது கிருமியை முழுங்குற செல்லையே, கிருமி தன் இனத்தைப் பெருக்கிக்கப் பயன்படுத்திக்குது. லேப்ல எல்லாரும் வச்சிருக்குற கறுப்பு எலியில மனுஷனுக்கு வர்ற மாதிரி நடுவுல அழுகுற கிரானுலோமா ஒழுங்கா வராதுங்கிறதையும் சேத்துப் பாருங்க.

மறைமுகச் செலவு மூணு இருக்கு. மீன் கூட்டத்துல ஆதிகாலத்துல மொத்த ஜீனோமும் ஒருக்கா டபுள் ஆச்சு, அதனால நிறைய ஜீனுக்கு ரெண்டு காப்பி, ஒண்ணை ஒடச்சா இன்னொண்ணு தாங்கிப் பிடிச்சிரும், ரெண்டையும் ஒடைக்கணும். ரெண்டாவது, சில ஜீனைத் தற்காலிகமா அமுக்கினா பெரிய கோளாறு வரும், நிரந்தரமா ஒடச்சா ஒண்ணுமே வராது. மத்த ஜீன்கள் ஏறி வந்து ஈடுகட்டிருதுன்னு 2015ல தெளிவாச்சு. அதுக்கு முன்னாடி வந்த பேப்பரை நம்பி ப்ராஜெக்ட் கட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க. மூணாவது தண்ணி சிஸ்டம். 28 டிகிரியில பம்ப் 24 மணி நேரமும் ஓடணும், பவர்கட் ஆகி ஜெனரேட்டரும் ஓடலைன்னா மொத்தக் காலனியும் போயிரும். சட்டப்பக்கம் ஒரு சலுகை: ஐரோப்பாவுல குஞ்சு தானா இரை தின்ன ஆரம்பிக்கிற வரைக்கும், அதாவது அஞ்சு நாள் வரைக்கும், சோதனை விலங்குக் கணக்குலயே வராது.

## எலி

எலியோட பலமும் பொய்யும் ரெண்டும் பெருசு, அதனால கொஞ்சம் நீளமா.

ஜீனைக் குறிபாத்து எடுக்குற நாக்அவுட் எலி 1989ல வந்துச்சு, கெப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூணு பேருக்கும் 2007ல நோபல். அது என்ன சாதிச்சுதுங்கிறதுக்கு என் கண்ணுல சிறந்த சாட்சி எஸ்எம்ஏ, தண்டுவட நரம்பு செல் செத்துத் தசை சுருங்கிப் போற நோய். நியூஸ்ல 16 கோடி ரூபா ஊசின்னு அடிபட்டுச்சே, அந்தக் குழந்தைங்களோட நோய். மனுஷனுக்கு எஸ்எம்என்-1, எஸ்எம்என்-2ன்னு ரெண்டு ஜீன் இருக்கு, முதலாவது போயிட்டா ரெண்டாவது அரைகுறையா வேலை செஞ்சு குழந்தையைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கும். எலிக்கு இருக்கிறது ஒரே ஒரு ஜீன். அதை எடுத்தா கருவுலயே செத்துருது, நோயே பாக்க முடியல. சரின்னு எலியோடதை எடுத்துட்டு மனுஷனோட எஸ்எம்என்-2வை உள்ள வச்சாங்க. 2000ல வந்த அந்த எலிகள்ல ரெண்டு காப்பி இருந்தா ஒரு வாரத்துக்குள்ள சாவு, எட்டு காப்பி இருந்தா நல்லா ஓடியாடுது. ரெண்டாவது ஜீனை ஒழுங்கா வேலை செய்ய வச்சாலே போதும்னு இதுலயே தெரியுது. அந்த வழியில போன நுசினெர்சென்ங்கிற மருந்து 2016 டிசம்பர்ல அனுமதி வாங்குச்சு. 16 கோடி ஊசி வேற வழி, புது ஜீனையே வைரஸ்ல ஏத்தி அனுப்புறது. ரெண்டு வாரத்துல சாகுற எஸ்எம்ஏ எலிக்குப் பொறந்த உடனே குடுத்தப்போ 250 நாளைத் தாண்டி ஓடுச்சு, அது 2010ல. புழுவும் ஈயும் வச்சு இந்த முடிவுக்கு வர முடியாது, தண்டுவடத்துக்கு மருந்து போய்ச் சேருதாங்கிற கேள்விக்கு தண்டுவடம் வேணும்.

கொரோனா சமயத்துல நடந்தது இன்னொரு கதை. வைரஸ் செல்லுக்குள்ள நுழையப் பிடிச்சுக்கிற புரோட்டீன் ஏசிஇ-2, முதல்ல வந்த வைரஸுக்கு எலியோட அந்தக் கதவு தொறக்கல. மனுஷ ஏசிஇ-2 வச்ச எலியை அயோவா யூனிவர்சிட்டிக்காரங்க பழைய சார்ஸுக்காகச் செஞ்சு 2007லயே பேப்பர் போட்டிருந்தாங்க, அப்புறம் யாருக்கும் தேவைப்படல. உறைஞ்ச விந்தா கெடந்ததை 2020ல அமெரிக்காவோட ஜாக்சன் லேப் வாங்கி உயிர்ப்பிச்சு உலகம் முழுக்க அனுப்புச்சு. அதுவரைக்கும் பல லேப் கையைக் கட்டிட்டுக் காத்துக் கெடந்துச்சு.

இப்ப பொய்ப்பக்கம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சிஎஃப்டிஆர் ஜீன் ஒடஞ்சா வர்றது, மனுஷனைக் கொல்றது நுரையீரல்ல. 1992ல அந்த ஜீனை எடுத்த எலி வந்துச்சு, குடல் அடைச்சுது, நுரையீரல் மனுஷன் மாதிரி கெடவே இல்ல. அல்சைமர்ஸ் எலிகள் மூளையில அமிலாய்டுங்கிற புரோட்டீன் படியும், ஆனா பெரும்பாலானதுல அந்த நோயோட இன்னொரு அடையாளமான டாவ் புரோட்டீன் முடிச்சும் வராது, நரம்பு செல் கொத்துக்கொத்தா சாகுறதும் நடக்காது. அமிலாய்டைக் குறைக்கிற மருந்தான்னு கேட்டா நேர்மையா பதில் சொல்லும், ஞாபக மறதி குணமாகுமான்னு கேட்டா அதுக்குத் தெரியாது, ஆனா பதில் சொல்லிரும். அங்கதான் மனுஷ ட்ரையல்ல காசு கரைஞ்சுது. தசையை இயக்குற நரம்பு செல் சாகுற ஏஎல்எஸ் நோய்க்கு, மனுஷனோட கெட்டுப்போன எஸ்ஓடி-1 ஜீனை உள்ள வச்ச எலியில வேலை செஞ்சதா சொன்னதையும் சேத்து 70க்கு மேல மருந்தை அமெரிக்க குழு ஒண்ணு பெரிய எண்ணிக்கையில திரும்ப சோதிச்சு 2008ல போட்டாங்க, ஒண்ணும் தேறல. காரணத்துல ஒண்ணு, உள்ள வச்ச ஜீனோட காப்பி சில எலியில தானா கொறஞ்சு நோய் மெதுவாகுறது. அதை மருந்தோட புண்ணியம்னு எழுதிட்டாங்க.

செலவுக் கணக்குக்கு வருவோம். மூளையில மட்டும் ஜீனை எடுக்கணும்னா வெட்டுற நொதியான க்ரேவோட ஜீன் ஒரு காப்பி போதும், வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுற அடையாளமான ஃப்ளாக்ஸ் நம்ம ஜீனோட ரெண்டு காப்பியிலயும் வேணும். ரெண்டு பேருக்கும் ஒரு காப்பியில மட்டும் ஃப்ளாக்ஸ், ஒருத்தருக்கு மட்டும் ஒரு க்ரேன்னு இருக்குற பெத்தவங்களைச் சேத்தா எட்டுல ஒண்ணுதான் நமக்கு வேணுங்கிற குட்டி. ஆண் மட்டும் வேணும்னா பதினாறுல ஒண்ணு. மீதிக்கும் கூண்டு வாடகை, தீனி, காதுல ஓட்டை போட்டு பிசிஆர், எல்லாம் உண்டு. க்ரிஸ்பர் போட்டு முதல் குட்டி பொறந்ததுல இருந்து சோதனைக்கு ஏத்த கூட்டம் சேர ஒரு வருஷம் வச்சுக்கோங்க, அதுவும் எல்லாம் நல்லா நடந்தா. அப்புறம் ஸ்ட்ரெய்ன், அதாவது எலியோட பரம்பரை வகை. கறுப்பு எலி பி6ன்னு எல்லாரும் சுலபமா சொல்லிருவாங்க, அதுல ஜே வகையில என்என்டி ஜீன் ஒடஞ்சிருக்கும், சர்க்கரை ஆராய்ச்சிக்கு அது தொல்லை. என் வகையில ஆர்டி-8ன்னு விழித்திரையைக் கெடுக்குற மாற்றம் இருக்கும். கண் நோய் பண்றவங்க ஸ்ட்ரெய்ன் பேரோட கடைசி எழுத்தைப் பாக்காம ஆரம்பிச்சா கண்ட்ரோல் எலிக்கே விழித்திரை கெட்டிருக்கும்.

## பன்றியும் டிஷ்ஷும்

எலி கைவிட்ட சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை 2008ல பன்றி காட்டுச்சு, மனுஷக் குழந்தை மாதிரியே பொறந்ததும் குடல் அடைப்பு, மாசம் போகப் போக நுரையீரல் நோய். ஆனா 114 நாள் சினை, பெரிய கொட்டகை, வெட்னரி டாக்டர். தனி பிஎச்டி மாணவன் எடுக்குற முடிவு கெடையாது, இன்ஸ்டிட்யூட் எடுக்குற முடிவு.

டிஷ் விஷயம் இப்ப சூடு. ஜப்பான் விஞ்ஞானி யாமனாகா 2006ல எலி செல்லை, 2007ல மனுஷ செல்லை, எந்த வகை செல்லாவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கினாரு, 2012ல க்ரிஸ்பர் வந்துச்சு, ரெண்டும் சேந்ததும் பேஷன்ட் செல்லுல ஒரே ஒரு எழுத்தை மட்டும் சரிபண்ணி ஜோடியா வச்சுப் பாக்கலாம். நெதர்லாந்துல மலக்குடல் திசுவுல ஆர்கனாய்டு, அதாவது குட்டி உறுப்பு மாதிரி செல் உருண்டை, வளத்து, எந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருந்து யாருக்குக் கேக்கும்னு அது வீங்குறதை வச்சே பாக்குறாங்க. செலவு, மீடியா, அதாவது செல்லுக்குப் போடுற தீனித் திரவம். நாள் தவறாம மாத்தணும், க்ரோத் ஃபேக்டர் விலையைக் கேட்டா கைடுக்கு வேர்க்கும். செல் நாளாக நாளாக குரோமோசோம் மாறிருதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும். ஸ்டெம் செல்லை மாத்திக் கெடைக்கிற நரம்பு செல் கருவுல இருக்குற குழந்தையோடது மாதிரி இளசா இருக்கும், 70 வயசு நோயை அதுல தேடினா எப்படி?

## ஒரே பார்வையில

| எது | ஒரு தலைமுறை | எத்தனை கெடைக்கும் | உயிரோட பாக்கலாமா | பில்லுல வராத செலவு |
|---|---|---|---|---|
| புழு | 3 நாள் | 300 வரை | முழுசா | மருந்து உள்ள போகாது, "மனுஷனுக்கு?"ன்னு கேள்வி வரும் |
| பழ ஈ | 10 நாள் | நூத்துக்கணக்குல | ஓரளவு | உறைய வைக்க முடியாது, காலமெல்லாம் குப்பி மாத்தணும் |
| ஜீப்ரா மீன் | 3 மாசம் | ஒரு தடவைக்கு 200 | குஞ்சா இருக்கும்போது முழுசா | டபுள் ஜீன், ஈடுகட்டுற ஜீன், கரண்ட் |
| எலி | சுமார் 3 மாசம் | 6–8 | கஷ்டம் | கூண்டு, வேண்டாத குட்டிகள், ஸ்ட்ரெய்ன் |
| பன்றி | சுமார் 1 வருஷம் | 10 பக்கம் | ஸ்கேன்ல | கொட்டகை, ஆள், டாக்டர் |
| டிஷ் | இல்ல | செல் கணக்கு | பாக்கலாம், உடம்பு இல்ல | மீடியா, குரோமோசோம் செக் |

## உங்க நிலைமைக்கு எது

அபூர்வ நோய், ஒரே குடும்பம், ஒரே எழுத்து மாற்றம்: ஈ. கூடவே பேஷன்ட் செல் கெடைச்சா டிஷ். நரம்புல மைட்டோகாண்ட்ரியா பிரச்சனைன்னாலும் ஈயில ஆரம்பிங்க, எலி சும்மா இருந்துரும்.

தொற்று நோய், கிருமியும் செல்லும் முதல் சில நாள்ல எப்படி மோதுதுன்னு பாக்கணும்னா மீன் குஞ்சு. ஆனா தடுப்பூசி, ஆன்டிபாடி, டி செல் கேள்வின்னா குஞ்சு உதவாது, அந்தப் பாதி நோய் எதிர்ப்பு வளர அதுக்கு பல வாரம் ஆகும். டிபியில அழுகுற கிரானுலோமா வேணும்னா சி3எச்இபி/எஃப்இஜேன்னு ஒரு எலி ஸ்ட்ரெய்ன் இருக்கு, கறுப்பு எலியை விட்டுட்டு அதைக் கேளுங்க.

நூத்துக்கணக்குல மருந்து அலசணும்னா மீனும் புழுவும், கடைசி அஞ்சு மருந்துக்கு எலி. மருந்து உடம்புல எங்க போகுது, எவ்ளோ நாள் நிக்குது, கல்லீரல் என்ன பண்ணுதுங்கிறதுக்கு எலியை விட்டா இன்னிக்கும் வேற சரியான வழி இல்ல. அமெரிக்காவுல 2022 கடைசியில விலங்கு சோதனை கட்டாயம் இல்லைன்னு சட்டம் மாத்தினாங்க, நம்ம ஊர் மருந்து விதியிலயும் 2023ல அதே மாதிரி வழி விட்டாங்க. அதை வச்சு எலி தேவையில்லைன்னு சொல்றவங்ககிட்ட கொஞ்சம் ஜாக்கிரதை, சட்டம் வேற வழியை ஒத்துக்குது, அவ்ளோதான்.

எலிதான்னு முடிவாயிட்டா, சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப்ல மூணு கேள்வி கேட்டுருங்க. எனக்கு வேணுங்கிற லைன் இப்ப கூண்டுல உயிரோட இருக்கா, இல்ல "ஆர்டர் போட்டாச்சு"வா? ஸ்ட்ரெய்ன் ஜே-யா என்-னா? ஜீனோடைப்பிங் யாரு பண்றது? முதல் கேள்விக்கு "வந்துட்டே இருக்கு"ன்னு பதில் வந்தா, வர்ற வரைக்கும் அதே ஜீனை மீன்லயோ ஈயிலயோ பாக்குறதுக்கு ஒரு கூட்டாளி லேப் இருக்கான்னு கேளுங்க. அதுக்கும் பதில் இல்லைன்னா வேற லேப் பாருங்க.